சாரையும் நாகமும் பிணைகின்றனவா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே, கடலோரத்தில் அமைந்த கிராமம் கதிரவெளி. நம் பகுதியில் வசந்தம் என்று தனிப் பருவம் இல்லை. மாரி மழை ஓய்ந்து, பெரும்போக வேளாண்மை வெட்டும் மாசி, பங்குனி மாதங்களே பாம்புகளை அவதானிக்க ஏற்றவை. கதிர் வெட்டிய வயலில் எலிகளுக்கு மறைவு குறைவதால், அவற்றைத் தேடிச் சாரைப்பாம்புகள் பகலிலேயே வரம்புகளில் திரியும்.

சென்ற பங்குனியில் வாப்பாவுடன் அங்கு போனபோது, இரு பாம்புகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டு தலை உயர்த்தி நின்றன. "சாரையும் நாகமும் பிணையுது" என்று ஒருவர் தடியை ஓங்கினார். வாப்பா தடுத்தார். சற்று நேரத்தில் அவை பிரிந்து போயின.

சாரை ஆண், நாகம் பெண் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் இவை வெவ்வேறு இனங்கள், இணைசேர்வதில்லை. நாம் கண்டது இரு ஆண் சாரைகளின் பலப்பரீட்சை. ஒன்றையொன்று நிலத்தில் அழுத்த முயலும்; தோற்றது விலகிச் செல்லும்.

2 மீற்றருக்கு மேலும் வளரும் சாரைக்கு மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லை. நெல்லைத் தின்று, எலிக்காய்ச்சலையும் பரப்பும் எலிகளை அது உண்கிறது. அதைக் கொன்றால் நட்டம் நமக்கே.

எனினும் நாகமும் கண்ணாடி விரியனும் அதே வயலில் வாழ்கின்றன. ஆகவே எந்தப் பாம்பையும் தூர நின்றே பாருங்கள், தொடாதீர்கள். கடித்துவிட்டால் காயத்தை வெட்டவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பாம்பும் அல்லாஹ்வின் படைப்பே. தடியை ஓங்குமுன் அது எந்தப் பாம்பென்று அறிவோம்.