புத்தகத்தை முடிச்ச பிறகு



புத்தகத்தைத் தொடங்கச் சொல்லி எல்லோரும் புத்தி சொல்வார்கள். முடிச்ச அன்றைக்கு மனசு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. இந்த மாத வாசிப்புப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

சவளக்கடையில் இருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் கல்முனைப் பக்கம். அங்குள்ள முஸ்லிம் வீடுகளில் பிள்ளை குர்ஆனை முழுதாக ஓதி முடிச்சால் அதைக் கத்தம் என்பார்கள். ஓதிக்கொடுத்தவரை மதித்து, இனிப்பும் பங்கிடுவார்கள். மொத்தம் 114 அத்தியாயம். சின்னப் பிள்ளைக்கு அது வருடக்கணக்கான வேலை அல்லவா? இதில் நமக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கடைசி அத்தியாயம் முடிஞ்ச கையோடு முதலாவதை மறுபடி ஓதும் வழக்கம் இருக்கிறது.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதையே 18 நாள் சடங்காக நடக்கிறது. வனவாசம் போய், கடைசியில் தீமிதித்து முடிப்பார்கள். சடங்கு முடிஞ்சால் கோயில் வீதி வெறிச்சென்று கிடக்கும். நல்ல கதைப் புத்தகம் முடிஞ்ச இரவும் அப்படித்தான். ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் அந்தக் கதை ஆட்களைப் பிரிந்த கவலை. இது நோயல்ல, பயப்பட வேண்டாம்.

எழுதி முடிச்சவர் கதையும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனையில் படித்தவர், விஞ்ஞானப் பட்டதாரி. பழைய நூல்களில் பேர் மட்டும் மிஞ்சிக் கிடந்த யாழை மீட்டெடுக்க ஏறக்குறைய 14 வருடம் பாடுபட்டார். பாட்டுக் கருவிக்குக் கணக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தாயியில் கேட்கும். இப்படி ஒவ்வொரு சுரத்துக்கும் அளவு உண்டு. அந்த அளவுகளைத்தான் அவர் தேடினார். ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. உடம்புக்கு முடியாத நிலையிலும் அவர் அங்கே இருந்தார். அடுத்த மாதம் 19ஆம் திகதி காலமானார். முடிச்ச வேலையைக் கண்ணால் கண்டுவிட்டுப் போனார் என்பதில் எங்களுக்கு ஒரு ஆறுதல்.

இனி நம்ம கதை. எங்களிடம் வருகிறவர்களில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் அநேகம். “எங்களுக்கு எதுக்கு ஐயா புத்தகம்” என்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் வாசித்தால் 120 பக்கப் புத்தகம் இரண்டே மாதத்தில் முடியும். மலையேறி வந்த களைப்பில் இரண்டு பக்கமும் பாரம்தான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு புத்தகத்தைத் தானாக முடிச்ச ஆளுக்கு ஒரு துணிவு வரும். கடன் பத்திரத்தை நீட்டி “இதில் ஒரு கையெழுத்து வை” என்றால், “பொறுங்க, வாசிச்சுப் பார்த்திட்டு வைக்கிறேன்” என்று சொல்லும் துணிவு அது. நாம் வாசிக்கச் சொல்லி வற்புறுத்துவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

முடிச்ச உடனே அடுத்ததை எடுக்க வேண்டாம். ஒரு நாள் சும்மா இருங்கள். கதையை வீட்டில் யாருக்காவது வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறீர்களோ அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப வாசியுங்கள். பிறகு புத்தகத்தைப் பக்கத்து லயத்தில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.