தசமப் புள்ளி காட்டும் இடம்

தமிழெழுத்தில் புள்ளி பெற்று நிற்பது மெய்; அப்புள்ளி நீங்கின் உயிர்மெய். ஒரு சிறு புள்ளி ஒலியையே மாற்றிவிடுகின்றது. எண்ணிலும் அவ்வாறே. 24 என்பதையும் 2.4 என்பதையும் வேறுபடுத்துவது ஒரு புள்ளியே. மதிப்போ பத்து மடங்கு மாறுகின்றது. தசம எண்களை முழு எண்ணால் பெருக்கவும் வகுக்கவும் பயிலும் நடுநிலை வகுப்பு மாணவர், முதற்கண் இப்புள்ளியின் பொருளை உணர்தல் வேண்டும்.

ஒன்றுகளின் இடம் எங்கு முடிகின்றது என்பதைக் காட்டுவதே தசமப் புள்ளியின் பணி. அதன் வலப்பக்கத்து முதலிடம் பத்தில் ஒன்று. அடுத்தது நூறில் ஒன்று. எனவே 2.4 என்பது, பத்தில் ஒன்றாகிய கூறுகள் 24 கொண்டது. அதனை 3-ஆல் பெருக்கினால் 72 கூறுகள் ஆகும். 10 கூறுகள் சேர்ந்து ஒன்றாவதால் விடை 7.2.

மாணவர் சிலர் புள்ளியைச் சுவராகக் கருதி, இருபுறமும் தனித்தனியே பெருக்கி, 6.12 என எழுதிவிடுவர். பன்னிரண்டு கூறுகளுள் பத்து, ஓர் ஒன்றாகி இடப்பக்கம் செல்ல வேண்டும் என்பதை அவர் மறந்தனர்.

இனி, 6.12-ஐ 3-ஆல் வகுப்போம். 6 ரூபாய் 12 பைசாவை மூவருக்குப் பகிர்வதாகக் கொள்வோம். ஆளுக்கு 2 ரூபாய் போக எஞ்சுவது 12 பைசா. அதில் ஆளுக்கு 4 பைசா. ஆகவே விடை 2.04. பத்தில் ஒன்று இடத்தில் நின்ற 1, மூவருக்குப் பகிரப் போதாமையால் அவ்விடத்தில் சுழியம் இடுகின்றோம். அதனை விட்டால் விடை 2.4 எனப் பிழைபடும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. 2.4-ஐ 3-ஆல் பெருக்க 6.12 என்பது ஒரு பிழை, 6.12-ஐ 3-ஆல் வகுக்க 2.4 என்பது மற்றொரு பிழை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சான்று கூறி நிற்கின்றன! பெருக்கலை வகுத்தலால் சரிபார்க்கும் மாணவனும் ஏமாறுவான். இடமதிப்பை அறிந்தவனோ, மும்முறை 2.4 ஏழுக்கு மேற்படும் என்பதை நொடியில் உணர்வான்.

இக்கணக்கு நெடிய மரபுடையது. அல்-உக்லீதிசி என்னும் அறிஞர் கி.பி. 952-953-இல் டமாஸ்கஸ் நகரில், இந்திய எண்முறை பற்றி அரபு மொழியில் நூலொன்று இயற்றினார். அதில் 19-ஐ ஐந்து முறை பாதியாக்கிக் காட்டினார்: 9.5, 4.75, 2.375, 1.1875, 0.59375. ஒன்றுகளின் இலக்கத்தின்மேல் ஓர் அடையாளமிட்டு இடத்தைக் காத்தார். மீதி நின்றவிடத்துக் கணக்கை நிறுத்தாது, அதனைச் சிறு கூறுகளாக்கி மேலும் பகிர்ந்தார். நாம் இன்று செய்யும் வகுத்தலும் அதுவே.

நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா என்பதைப் பெரியோர் அறிவர். 100 பைசாவை 16-ஆல் வகுத்தால் ஓர் அணா 6.25 பைசா. புள்ளிக்குப் பின்னுள்ளதை அற்பமென விட்டு, 6-ஐ 16-ஆல் பெருக்கின் 96 பைசாவே தேறும். ரூபாய்க்கு 4 பைசா குறையும். விட்ட 0.25-ஐ 16-ஆல் பெருக்கினால் அந்த 4 கிடைக்கும்.

ஆதலின், புள்ளியை எத்தனை இடம் தள்ளுவது என்னும் விதியை மட்டும் மனனம் செய்வித்தல் போதாது. ஒவ்வோர் இலக்கமும் எவ்விடத்தது, அதன் மதிப்பு யாது என மாணவரைச் சொல்லச் செய்வோம். பொருளுணர்ந்த கணக்கே கடைவீதியிலும் கைகொடுக்கும்.