மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு

கோயம்புத்தூரிலும் அதைச் சூழ்ந்த சோமனூர், பல்லடம், திருப்பூர் முதலிய தொழிலூர்களிலும், கடன் கழுத்தை நெரித்தபின் சப் கோர்ட்டில் ஐ.பி. மனுப் போட்டு, அதாவது மஞ்சள் கடுதாசி கொடுத்து, திவால் உத்தரவும் பெற்றுவிட்ட தறிக்காரர்களில் அநேகர், அன்றோடு கடன் தொலைந்தது என்றெண்ணி, அப்புறம் கோர்ட்டுப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. இது பெரும் விபரீதம். 2016ஆம் வருஷத்துப் புதிய திவால் சட்டம், தனிமனிதரைப் பொறுத்தவரை, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் நின்றவர்களுக்கே 2019 டிசம்பரில் அமலாயிற்று. மற்றவர்களுக்கு இப்பக்கத்தில் இன்றும் 1920ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டந்தான். அதன்படி திவால் உத்தரவு வேறு, கடன் விடுதலை வேறு.

ஆகவே உத்தரவின் நகல் கிடைத்ததும், விடுதலை மனுப் போடக் கோர்ட் விதித்திருக்கும் கெடு எது என்று பார்த்து, காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். கெடு தப்பினால் 43ஆம் பிரிவின்படி உத்தரவே ரத்தாகி, கடன் கொடுத்தவர்கள் மறுபடி ஜப்திக்கு வரலாம். அவகாசம் வேண்டுமானால் 27ஆம் பிரிவைக் காட்டி, கெடு முடியுமுன்பே கேளுங்கள். தாமதத்தால் வேறொரு நஷ்டமும் உண்டு: விடுதலை கிடைக்கும்வரை நீங்கள் புதிதாகச் சேர்க்கும் சொத்தும், பாகத்தில் வரும் தோட்டமும் கோர்ட் நியமித்த ரிசீவரையே சேரும்.

விடுதலை மனு விசாரணையில், உங்கள் ஆஸ்தி கடனில் ரூபாய்க்கு ஐம்பது பைசாவுக்குக்கூடத் தேறாவிட்டால், அந்நிலை உங்கள் பொறுப்பால் நேர்ந்ததன்று என்று நீங்களே காட்டியாக வேண்டும். திவாலுக்கு முந்தைய மூன்று வருஷங்களில் முறையான கணக்கு வைக்காததும் பாதகமாகும். நூல் பில், கரண்ட் பில், கூலிச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கட்டி, மேலே ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். கந்துவட்டிக்காரர் ரசீது தரமாட்டார். அவருக்குக் கட்டியதையும் நோட்டில் ஏற்றுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் யாவும் 2003ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றங்களே. தோட்டத்தை மச்சான் பேருக்கு எழுதிவைத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்து இனாம் சாசனங்களைக் கோர்ட் ரத்துச் செய்யலாம்.

ஜீவனத்துக்கு வழி, கடன் கேளாத தொழில். விடுதலையாகாதவர் தம் நிலையைச் சொல்லாமல் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதே 72ஆம் பிரிவின்கீழ் குற்றமாகையால், தவணைக்கு நூல் எடுக்கும் பேச்சே வேண்டாம். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் தர, நெய்து கொடுத்துக் கூலி வாங்குங்கள்; தறி போயிற்றென்றால் பிறர் தறிக்குடோனில் வேலைக்குச் செல்லுங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. மனைவி பேரில் புதுக் கம்பெனி தொடங்கச் சொல்லும் பந்துக்களுக்குக் காது கொடுக்காதீர்கள்.

விடுதலை உங்களுக்கே தவிர, உங்களுக்கு ஜாமீன் நின்றவருக்கன்று. சர்க்கார் பாக்கியும் நிற்கும். நம்பிக் கையெழுத்திட்ட அந்த மனிதரை நேரில் கண்டு நிலைமையைச் சொல்லுங்கள். பின்னால் கையில் பணம் மிஞ்சும்போது முதல் பங்கு அவருக்கே.

விடுதலை உத்தரவின் சான்று நகலை ஒவ்வொரு பாங்குக்கும் கொடுத்து, சிபில் அறிக்கையைத் திருத்தச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அவ்வறிக்கை இலவசம். பிறகு சிறு தொகையை டெபாசிட்டாகப் போட்டு, அதன்பேரில் கிரெடிட் கார்டு வாங்கி, மளிகைக்கு மட்டும் உபயோகித்து, மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்டுங்கள். விசேஷங்களில் சீர் செய்வதற்கு அந்தக் கார்டைத் தொடக் கூடாது.