பாரிஸில் ஜப்பானிய உடைக் கடையா? உள்ளே போய்ப் பாருங்கள்

பாரிஸின் மரே பகுதியில் ஜப்பானிய உடைகள் கண்ணில் படாமல் போகாது. ஜப்பானிய வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோவும் அவர் கணவரும் லண்டனில் 2004-இல் தொடங்கிய டோவர் ஸ்ட்ரீட் மார்க்கெட், 2024-இல் இங்கேயும் கடை திறந்தது.

● விலைச்சீட்டைப் பார்த்து மலைக்க வேண்டாம். போட்டுப் பார்ப்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள்! சில ஜப்பானிய நிறுவனங்கள் அளவை 1, 2, 3 என்றே குறிக்கும். எண்ணை நம்பாமல் போட்டுப் பார்த்தே முடிவெடுங்கள்.

● பயணிகளுக்கு என் சிபாரிசு, ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாக்கேயின் 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' என்னும் மடிப்பு உடை வரிசை. 1993-இல் வந்தது. பாலியஸ்டர் துணியைப் பெரிய அளவில் தைத்த பிறகே, சூட்டில் அழுத்தி மடிப்பு வைக்கிறார்கள். அதனால் துவைத்தாலும் மடிப்பு கலையாது. சுருட்டிப் பெட்டியில் திணிக்கலாம். இஸ்திரி போட்டால் மட்டும் போச்சு! சென்னை வெயிலுக்குப் பாலியஸ்டர் சரிவருமா என்பதை யோசித்து வாங்குங்கள்.

● பிரான்சில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் பயணிக்கு வரித் தொகையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி, பணம் கட்டும்போதே படிவம் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன், 'பாப்லோ' இயந்திரத்தில் படிவத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். லண்டன் கடைகளில் வாங்கிக் கையோடு கொண்டுவரும் பொருளுக்கு 2021 முதல் இந்தச் சலுகை கிடையாது.