குறைமாதக் குழந்தையும் தாயின் நெஞ்சுச் சூடும்

"ஏழாம் மாதத்தில் பிறந்தது தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது நமக்கு மட்டும் உரிய நம்பிக்கை அன்று. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர்களும் இதையே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் உண்மை இதற்கு நேர்மாறானது. கருப்பையில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று பிறந்த அன்றே மனம் தளர்ந்துவிடும் குடும்பம், அந்தக் குழந்தைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிடுகிறது. அதனால்தான் இந்தப் பேச்சை முதலிலேயே எடுத்தேன்.

முப்பத்தேழு வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. ஆகவே நம் வீட்டுக்கு இது வராது என்று யாரும் இருந்துவிட முடியாது.

குறைமாதக் குழந்தைக்கு முதல் எதிரி குளிர். உடலில் சூட்டை உண்டாக்கும் ஒருவகைக் கொழுப்பு, கருவில் கடைசி மாதங்களில்தான் நன்றாகச் சேர்கிறது. முன்கூட்டிப் பிறந்த குழந்தையிடம் அது போதிய அளவு இருப்பதில்லை. தோலும் மெல்லியது. எடைக்கு ஒப்பிட்டால் உடலின் மேற்பரப்பும் அதிகம் என்பதால் சூடு விரைவாக வெளியேறிவிடும். உடல் குளிர்ந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறையும், மூச்சுத் திணறும், நோய்த் தொற்றும் எளிதில் பிடிக்கும்.

இதற்கு விடையாக வந்ததுதான் இன்குபேட்டர் என்னும் கண்ணாடிப் பெட்டி. பாரிஸ் நகர மிருகக்காட்சி சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்ட டார்னியர் என்ற மகப்பேறு மருத்துவர், அதே முறையில் குழந்தைகளுக்கும் ஒரு பெட்டி செய்வித்து 1880ஆம் ஆண்டு வாக்கில் பயன்படுத்தத் தொடங்கினார். எத்தனையோ உயிர்களைக் காத்த கருவி அது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெட்டி வந்ததும் தாய் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். அது மட்டும் பெட்டியின் குற்றமன்று.

பொகோட்டாவில் பிறந்த முறை

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டா. அங்குள்ள ஏழை மக்களின் மகப்பேறு மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைக்க வேண்டிய நிலை. ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றியது. 1978இல் அங்கே பணியாற்றிய டாக்டர் எட்கர் ரே, குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டச் செய்தார். அடுத்த ஆண்டு டாக்டர் ஹெக்டர் மார்டினெஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். கங்காருவின் குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய ஒரு கிராம் எடைதான் இருக்கும்; தாயின் பையில் ஒட்டிக்கொண்டுதான் மீதி வளர்ச்சியைப் பெறுகிறது. ஆகவே இதற்குக் 'கங்காரு தாய்ப் பராமரிப்பு' என்ற பெயர் வந்தது.

இதை நெடுநாள் பலரும் "பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கான வைத்தியம்" என்றே நினைத்தார்கள். குழந்தையின் மூச்சும் நாடியும் சீராகும்வரை பெட்டியில் வைத்துவிட்டு, அதன் பிறகே தாயிடம் தருவது வழக்கமாக இருந்தது. சீராவதற்குப் பல நாட்கள் ஆகும். இறக்கும் குழந்தைகளில் பெரும்பகுதி அந்த முதல் சில நாட்களில்தான் இறந்தன!

அப்படியானால் காத்திராமல் உடனே தாயிடம் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வியை உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் சோதித்தது. அவற்றில் ஒன்று டில்லி சப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள சுமார் 3,200 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவில் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சை அறைக்குள் கொண்டுவந்து போட்டார்கள். குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் தாயின் (அல்லது தாய்க்கு மாற்றாக ஓர் உறவினரின்) மார்பிலேயே இருந்தது. சிகிச்சையும் அங்கேயே நடந்தது. மற்றப் பிரிவில் பழைய வழக்கம். 2021இல் முடிவு வெளியாயிற்று. பழைய முறையில் முதல் 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன. புதிய முறையில் 12. வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு ஒரு பிரிவுக்கு மட்டும் இதை மறுப்பது முறையன்று என்று சோதனையையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம், பிறந்த உடனே தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் கர்நாடகத்துக்கும் இதில் பங்குண்டு. கோரமங்கலாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தார் கொப்பள மாவட்டத்தில், அரசு மருத்துவமனையில் தொடங்கிய இம்முறையை வீடு திரும்பிய பின்னும் ஆஷா பணியாளர்கள் துணையோடு தொடரச் செய்து காட்டினார்கள். வறண்ட வட கர்நாடகத்துக் கிராமங்களில் முடிந்தது ரிச்சர்ட்ஸ் டவுனிலும் காக்ஸ் டவுனிலும் முடியாதா என்ன?

செய்யும் விதம்

குழந்தைக்குக் குல்லாய், காலுறை, இடுப்புத் துணி மட்டும் போதும். தாயின் இரு மார்பகங்களுக்கும் நடுவே நிமிர்ந்த நிலையில், தவளை போல் கைகால்கள் மடங்கியிருக்க வைக்கவேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் சற்றே உயர்ந்திருக்கவேண்டும். கழுத்து மடங்கினால் மூச்சு தடைப்படும். மேலே மெல்லிய பருத்தித் துணியால் அணைத்துக் கட்டி, அதன் மேல் ரவிக்கையோ சால்வையோ போர்த்திக்கொள்ளலாம். தாய் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து அமரவேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அடிக்கடி எடுப்பதும் வைப்பதும் குழந்தைக்கு அலுப்பு.

மார்பிலேயே இருப்பதால் பால் சுரப்பும் பெருகும். சுமார் 34 வாரத்துக்கு முன் பிறந்தவை உறிஞ்சி விழுங்கத் திணறும். அவற்றுக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலைக் குழாய் வழியாகவோ பாலாடையிலோ தருவார்கள். நம் பாட்டிமார் சங்கு என்றும் பாலாடை என்றும் சொல்லும் அதே சிறு கிண்ணம்தான். இந்திய மருத்துவ ஏடுகள் 'பாலாடை' என்ற பெயரையே ஆங்கிலத்திலும் எழுதுகின்றன என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அறுவை செய்துகொண்ட தாய்க்குக் களைப்பு மிகுதி. அப்போது தகப்பனார் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம், பாட்டியும் செய்யலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தீட்டு என்று தாயையும் சேயையும் தனி அறையில் விட்டு ஒதுங்கும் வழக்கம் உள்ள வீடுகளில், தாய்க்கு ஓய்வு கொடுக்க ஆளில்லாமல் இம்முறை இரண்டே நாளில் நின்றுவிடும். பெரியவர்கள் இதைக் கருதிப் பார்க்கவேண்டும்.

இங்கே மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். உயர்ந்த கூரையும் சிவப்பு சிமென்ட் தரையும் உள்ள நம் பழைய வீடுகள் இன்னும் குளிரும். உடனே கட்டிலடியில் கரியடுப்பு வைப்பதும், வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைப்பதும், குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் நடக்கின்றன. கரிப்புகை நஞ்சு, புட்டி தோலைச் சுட்டுவிடும், சாம்பிராணிப் புகையை அந்தப் பிஞ்சு நுரையீரல் தாங்காது. தாயின் தோலே போதிய கணப்பு. மருத்துவர் சொல்லும்வரை குளிப்பாட்டவும் வேண்டாம். பாதம் சில்லிட்டால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், குழந்தையை மார்பில் அணைத்தபடியே மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

பிரசவத்துக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது அறை வாடகை எவ்வளவு, ஏ.சி. உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறோம். குறைமாதத்தில் பிறந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாயை விடுவார்களா, எத்தனை மணி நேரம் விடுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆறாம் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'பார்வை நேரத்தில் மட்டும்' என்று விடை வந்தால் காரணம் கேளுங்கள்.

எத்தனை நாள் இப்படி வைத்துக்கொள்வது என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். எடை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது குழந்தை துணிக்கட்டுக்குள் நெளியத் தொடங்கும், கைகால்களை வெளியே இழுக்கும், கட்டும்போதெல்லாம் அழும். அப்போது தொட்டிலில் விடலாம்.