பத்தியம் ஏன் முறிகிறது?

டாக்டரிடம் போய் வந்த அன்றிரவு நம் இல்லங்களில் ஒரு சபதம் பிறக்கிறது. “வல்லாஹி, இனிமேல் இனிப்பைக் கையாலும் தொடமாட்டேன், இராச் சோறும் எனக்கு வேண்டாம்” என்று வீட்டுப் பெரியவர் சொல்கிறார். முதல் வாரம் கோதுமைக் கஞ்சியும் வெள்ளரிப் பிஞ்சுமாகக் கழிகிறது. இரண்டாம் வாரம் உறவில் ஒரு நிக்காஹ் வருகிறது. நெய்ச்சோறும் தாளிச்சாவும் வட்டலப்பமும் எதிரே வந்து அமர்கின்றன. அன்று முறிந்த பத்தியம் மறுநாள் தொடரப்படுவதில்லை. “முறிந்ததுதான் முறிந்துவிட்டது, இன்னும் இரண்டு வாய் போனால் என்ன குடிமுழுகிவிடும்?” என்று நஃப்ஸு காதில் ஓதுகிறது. மாதக் கடைசியில் பார்த்தால், சபதம் செய்வதற்கு முன் உண்டதைவிட அதிகமாகவே அவர் உண்டுகொண்டிருக்கிறார்.

அளவுக்கு மீறி உண்ணலாகாது என்பதை மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் அறியும். அறிந்த பின்னும் நிலைத்து நிற்க முடியாமற் போவது ஏன், நம் மார்க்கம் அதற்குக் காட்டும் வழி யாது என்பதையே இம்மாதப் பாடத்தில் கவனிப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. ஆகவே இது உடல் மெலிந்து அழகாயிருக்க விரும்புவோரின் பேச்சு மட்டுமன்று.

திருமறையின் 7-ஆம் அத்தியாயமாகிய ‘அல் அஃராஃப்’, 31-ஆம் வசனத்தில் உண்ணவும் பருகவும் அனுமதி தந்து, அத்துடனேயே வரம்பு மீறுவதைத் தடுக்கிறது. மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அவர்கள் அறிவித்து, திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ள ஹதீஸோ நாம் மிம்பரில் அடிக்கடி கேட்பது. மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது வேறில்லை என்றும், முதுகை நிமிர்த்தி வைக்கச் சில சிறு கவளங்களே போதும் என்றும், அதற்கு மேல் வேண்டியே தீருமானால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் ஆகட்டும் என்றும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள்.

இதில் ஒன்று கவனிக்கற்பாலது. மூன்றில் ஒரு பங்கு என்பதை வலிமார்கள் மட்டுமே எட்டக்கூடிய உயர்ந்த படியாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஹதீஸின் அமைப்போ வேறு. சிறு கவளங்கள்தாம் முதலில் சொல்லப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு, அதோடு அடங்காதவனுக்குக் கொடுக்கப்பட்ட சலுகை. மனிதன் அடங்கமாட்டான் என்பதை அறிந்தே அவனுக்கென்றும் ஓர் இடம் ஒதுக்கி வைத்தார்கள். நம் சபதங்களில் இல்லாமற் போவது இந்த இடந்தான். ஒன்றுமே கூடாது என்பதற்கும் எல்லாம் ஆகும் என்பதற்கும் நடுவே நாம் படி எதையும் வைப்பதில்லை. ஆகவே கால் தவறினால் நேரே கீழே விழுகிறோம்.

ஒருநாள் வயிறு நிறைய உண்டுவிட்டதற்காக மனம் ஒடிந்து போகவும் வேண்டியதில்லை. பசியால் வாடியிருந்த அபூஹுரைரா (ரலி) அவர்களின் வரலாறு புகாரீயில் உண்டு. ஒரு கிண்ணம் பால் வந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரும் அருந்திய பிறகு, அபூஹுரைராவை அருந்தும்படி நாயகம் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் சொன்னார்கள். இனிச் செல்ல வழியில்லை என்று அவர்களே சொல்லும் வரை விடவில்லை. எப்போதாவது வயிறு நிறைவது ஆகும் என்பதற்கு உலமாக்கள் இதை ஆதாரமாகக் கொள்கின்றனர். நிறைவுக்கும் மேலே போவதே சட்டத்தில் பிடிபடுகிறது. அதை ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் கூடாதென்கின்றன. மறுநாள் நோன்புக்குப் பலம் வேண்டியும், உடன் உண்ணும் விருந்தாளி கூச்சப்படாதிருக்கவும் மட்டுமே விலக்குத் தருகின்றன. (இந்த இரண்டாவது விலக்கை நம் ஊர்களில் சிலர் வருடம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்!) ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ், உடலுக்குக் கேடு விளையுமென்றால் ஹராம்.

இனி, சபதத்தைப் பார்ப்போம். ‘அத்தஹ்ரீம்’ என்னும் 66-ஆம் அத்தியாயத்தின் தொடக்கம் இறங்கிய காரணத்தைப் புகாரீ ஷரீஃப் கூறுகிறது. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் இல்லத்தில் அண்ணலார் (ஸல்) அவர்கள் தேன் அருந்துவது வழக்கம். மற்ற இல்லத்தில் அதன் வாடையைப் பற்றிப் பேச்செழவே, இனி அதை அருந்துவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஏன் விலக்கிக் கொள்கிறீர் என்று கேட்டு வசனம் இறங்கிற்று. கேவலம் ஒரு கரண்டித் தேன்! அதைச் சத்தியத்தால் பூட்டுவதற்கே இவ்வாறு கேட்கப்பட்டதென்றால், வீட்டிலுள்ளவர்கள் முன் ஆவேசத்தோடு நாம் போடும் ‘வல்லாஹி’யின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அப்படிச் சத்தியம் செய்து முறித்தவர்கள் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். ‘அல் மாயிதா’ 89-ஆம் வசனப்படி பத்து ஏழைகளுக்கு உணவளிப்பதோ, உடை அளிப்பதோ, அடிமையை விடுதலை செய்வதோ பரிகாரம். இவற்றுக்கு வசதியில்லாதவருக்குத்தான் மூன்று நோன்பு. கையில் காசிருக்க, “மூன்று நோன்பு பிடித்துவிட்டேன், தீர்ந்தது” என்று சொல்வது தீராது. வசதியில்லாதவர் அந்த மூன்றையும் ஹனஃபி மத்ஹபில் தொடர்ச்சியாகப் பிடிக்க வேண்டும். ஷாஃபிஈயில் விட்டுவிட்டும் பிடிக்கலாம். “இனிப்பு எனக்கு ஹராம்” என்று மட்டும் சொன்னவருக்கு, ஹனஃபியில் அதுவும் சத்தியமாகி முறித்தால் பரிகாரம் உண்டு. ஷாஃபிஈயில் அது வீண் பேச்சு, பரிகாரம் இல்லை. ஐயமுள்ளோர் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

அப்படியானால் பத்தியமே கூடாதா? கூடும். அதற்கு அழகான ஆதாரம் இருக்கிறது. உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீட்டில் பேரீத்தம் குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நாயகம் (ஸல்) அவர்கள் அதிலிருந்து உண்ண, உடன் வந்த அலீ (ரலி) அவர்களும் உண்ணத் தொடங்கினார்கள். அலீ அவர்களோ அப்போதுதான் நோயிலிருந்து எழுந்திருந்தார்கள். ஆகவே நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். பிறகு அந்த அம்மையார் வாற்கோதுமையும் கீரையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவர, இதை உண்ணும், இதுவே உமக்கு ஏற்றது என்ற கருத்தில் அலீ அவர்களிடம் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா மூன்றிலும் இது பதிவாகியிருக்கிறது.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் வைத்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பேரீத்தம்பழம் ஹராமாக்கப்படவில்லை, உடல் தேறும் வரை ஒருவருக்கு மட்டும் தடுக்கப்பட்டது. காரணமும் சொல்லப்பட்டது. தடுத்ததோடு நில்லாமல் மாற்று உணவு ஒன்று சூடாக முன்னே வந்தது. அதைச் சமைத்தவர் நோயாளி அல்லர், வீட்டுக்காரர். நம் இல்லங்களிலோ, “உங்களுக்குத்தான் சர்க்கரையாச்சே” என்று தட்டை நகர்த்திவிட்டு, அவருக்கென்று ஒன்றும் ஆக்காமல், எதிரிலேயே மற்றவர்கள் உண்கிறார்கள். அவர் பத்தியத்தில் நிலைக்கவில்லை என்ற குறையும் சொல்லப்படுகிறது!

எவ்வளவு குறைக்க வேண்டும், எத்தனை நாளில் என்பது அடுத்த கேள்வி. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் இளமையில் தினமும் நோன்பு வைக்க முனைந்தார்கள். உடலுக்கும் உம்மீது உரிமையுண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள். “இதைவிட அதிகம் முடியும்” என்று அவர்கள் கேட்டுக் கேட்டு, முடிவில் தாவூத் (அலை) அவர்களின் நோன்பில், அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதில் வந்து நின்றது. முதுமை வந்து உடல் தளர்ந்தபோது, அன்று அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அப்துல்லாஹ் அவர்களே வருந்தினார்கள். வணக்கத்திலேயே இந்நிலை என்றால், பத்தியத்தில் சொல்ல வேண்டியதில்லை. செயல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, கொஞ்சமானாலும் நிரந்தரமாகச் செய்யப்படுவதே என்ற கருத்துள்ள ஹதீஸை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதைத் தஸ்பீஹுக்கும் தஹஜ்ஜுதுக்கும் சொல்லும் நாம் சோற்றுத் தட்டுக்குச் சொல்வதில்லை.

ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் வயிற்றின் இச்சைக்கென்று தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு கணக்கு வருகிறது. நாள்தோறும் இரண்டு ரொட்டி உண்பவர் ஒன்றுக்கு வர விரும்பினால், திடீரென்று பாதியாக்க வேண்டாம். அது உடலைக் கெடுக்கும், கஷ்டமும் பெருகும். ஒரு ரொட்டியில் 28-இல் ஒரு பங்கு, அல்லது 30-இல் ஒரு பங்கை நாள்தோறும் குறைத்து வந்தால், ஒரு மாதத்தில் ஒரு ரொட்டியில் வந்து நிற்கலாம், உடலுக்கும் தெரியாது என்கிறார்கள். எடை போட்டும் குறைக்கலாம், கண்ணளவாகவும் குறைக்கலாமாம். இதை நம் சோற்றுக்குப் பொருத்திப் பாருங்கள். மூன்று அகப்பை உண்பவர் ஒரு மாதத்தில் இரண்டுக்கு வருவதென்றால், நாளொன்றுக்குக் குறைவது ஒரு சிறு கவளம்கூட இல்லை. இதற்குச் சபதமும் வேண்டாம். ஊருக்கு அறிவிப்பும் வேண்டாம். ஒரு விருந்தில் தவறினாலும் மறுநாள் அதே அகப்பையிலிருந்து தொடரலாம். அந்த இமாம் இறுதியில் சொல்லும் இலக்கும் பட்டினியன்று; வயிற்றில் பாரமும் தெரியக்கூடாது, பசியின் வேதனையும் தெரியக்கூடாது என்னும் நடுநிலையே.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் தட்டில் வைத்த மிச்சத்தை “பரக்கத்து வீணாகக் கூடாது” என்று தாமே வழித்து உண்ணும் தாய்மார் பலர். தாம் உண்டு முடித்த பிறகு இப்படி மூன்று தட்டு மிச்சம் உள்ளே போகிறது. விழுந்த கவளத்தையும் எடுத்துத் துடைத்து உண்ணச் சொன்ன மார்க்கம் நம்முடையது, மெய்தான். ஆனால் வீண்விரயம் நடந்தது ஆக்கிய இடத்திலும் பரிமாறிய இடத்திலும். தாயின் வயிற்றில் போட்டதால் அது விரயமில்லாமல் ஆகிவிடாது. முதல் முறை அரை அகப்பை வையுங்கள், கேட்டால் மீண்டும் வையுங்கள். வயிறு நிறைந்த உணர்வு முழுதாக வர ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும் என்று மருத்துவர்கள் கூறுவர். உடன் உண்பவர்களின் அனுமதியின்றி இரண்டு பேரீத்தம்பழங்களை ஒருசேர எடுத்து உண்பது தடுக்கப்பட்டதாக இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் உள்ளது. அது பிறர் பங்கைக் காக்கச் சொன்னதாயினும், ஒவ்வொன்றாக உண்பவனின் வேகமும் தானே குறைந்துவிடுகிறது.

ரமளானைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலெல்லாம் பசித்திருந்து, மக்ரிபு பாங்கு கேட்டதும் நோன்புக் கஞ்சியும் வடையும் சம்சாவும் சர்பத்தும், இஷாவுக்குப் பின் பரோட்டாவும், ஸஹரில் மறுபடி கறிச்சோறுமாக, மாத முடிவில் எடை கூடி நிற்பவர்கள் நம்மில் உண்டு. தராவீஹில் ருகூவுக்குக் குனிய முடியாமல் திணறுவதும் இதனால்தான். பேரீத்தம்பழமும் தண்ணீருமாகத் திறந்து, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால், அந்தச் சில நிமிட இடைவெளியே கையின் வேகத்தைக் குறைத்துவிடும். எடை குறைக்க மட்டுமே பிடிக்கும் நோன்பு வணக்கமாகாது என்பதும் நினைவிருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். நோயாளிக்குத் திருமறையே சலுகை தந்திருக்கிறது.

கடைசியாக, வெளியே பேசப்படாத ஒன்று. மற்றவர்கள் முன்னிலையில் பத்தியமாக இருந்துவிட்டு, எல்லோரும் உறங்கியபின் அடுக்களையில் நின்றுகொண்டே, பசியில்லாமலும் ருசியறியாமலும், நிறுத்த முடியாமல் உண்பவர்கள் இருக்கிறார்கள். முடிந்தபின் வெட்கத்தால் குமைகிறார்கள். தனியே உண்டு, கூட்டத்தில் விட்டவர்போல் காட்டிக்கொள்வதில் உள்ள முகஸ்துதியை கஸ்ஸாலி இமாம் கடுமையாக எச்சரிக்கிறார்கள். ஆனால் முகஸ்துதியை நாடி மறைப்பவர் வேறு, தன்னையடக்க முடியாமல் வெட்கப்பட்டு மறைப்பவர் வேறு. இப்படி அடக்கமிழந்து உண்பது அடிக்கடி நேருமானால் அது ஒரு நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட தன் நோய்ப் பட்டியலில் தனியாகவே சேர்த்திருக்கிறது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. “ஈமான் போதாது” என்று ஏசுவதால் அது தீராது. ஏச்சுக்குப் பயந்தே அவர் இன்னும் ஒளிவார்.

உண்கிறோம், ஆனால் வயிறு நிறைவதில்லை என்று தோழர்கள் முறையிட்டபோது, நீங்கள் தனித்தனியே உண்கிறீர்கள் போலும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டு, பிஸ்மி சொல்லி ஒன்றுகூடி உண்ணும்படி அருளியதாக வஹ்ஷீ இப்னு ஹர்ப் (ரலி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் சஹனைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் வழக்கம் விருந்துகளில் இன்னும் இருக்கிறது. வீட்டில் அது அருகி, ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு தட்டு என்றாகிவிட்டது. இரவில் ஒளிந்து உண்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் இஷாவுக்குப் பின் அவரோடு ஒரே விரிப்பில் உட்காருங்கள். டாக்டரிடம் போகும் நாளில் அவரைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள்.