ஒரு '<' விடுபட்டால்: விம் ஹெல்ப் பக்கத்தைச் சரிசெய்வது எப்படி?



லேப் எக்ஸாமில் நெட் கிடையாது, கூகுள் கிடையாது. ஆனால் மெஷினில் விம் எடிட்டர் இருந்தால், அதுக்குள்ளேயே ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது. எஸ்கேப் தட்டி, `:ஹெல்ப்` என்று அடித்து என்டர் கொடுத்தால் திறந்துவிடும். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கீபோர்டில் ஆங்கிலத்தில் அடிங்க.) உபுண்டுவோடு வரும் சின்ன விம்மில் இந்த ஹெல்ப் இருக்காது, 'விம்' பேக்கேஜை முழுசா இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

பாலசமுத்திரத்தில் எங்க வீட்டில் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். செமஸ்டர் லீவில் நான் விம் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த ஹெல்ப்பை வைத்துத்தான். அப்போதுதான் ஒன்று புரிந்தது. ஹெல்ப் பக்கத்தில் ஒரு குறி தப்பினால் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. நெட் இல்லாமல் படிக்கிறவருக்கு அங்கேயே வழி அடைபட்டுவிடும்.

யார் எழுதினது?

விம்மை பிராம் மூலனார் 1991-இல் முதன்முதலாக வெளியிட்டார். அவர் 2023 ஆகஸ்ட் 3 அன்று காலமானார். அதன்பின் கிறிஸ்டியன் பிராபாண்ட் முன்னின்று பார்த்துக்கொள்கிறார். டேக்லிஸ்ட் என்ற புகழ்பெற்ற பிளகினை எழுதிய யேகப்பன் லட்சுமணனும் விம்முக்குத் தொடர்ந்து பங்களித்து வருபவர். இப்படிப் பலர் கைபட்டு வளர்ந்ததுதான் அந்த ஹெல்ப். நம்ம கையும் படலாம்.

நாலே நாலு குறிகள்

ஹெல்ப் பக்கம் என்பது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். சில குறிகள் மட்டும் தெரிந்தால் போதும்.

1. `*பெயர்*`: இது டேக், அதாவது முகவரி. `:ஹெல்ப் பெயர்` என்று கேட்டால் இங்கே வந்து நிற்கும்.

2. `|பெயர்|`: இது அந்த முகவரிக்குப் போகும் லிங்க். கர்சரை அதன்மேல் வைத்து கன்ட்ரோலோடு ']' அழுத்தினால் அங்கே தாவும். கன்ட்ரோலோடு 'டி' அழுத்தினால் திரும்பி வரும்.

3. `>` மற்றும் `<`: கோடு தொடங்குவதற்கு முந்தைய வரியின் கடைசியில் `>`. கோடு முடிந்த பிறகு அடுத்த வரியின் தொடக்கத்தில் `<`.

4. வரிக் கடைசியில் `~` போட்டால் அது துணைத்தலைப்பு. வரிசையாக `=====` போட்டால் புதுப் பகுதி.

படிக்கும்போது இந்தக் குறிகளில் பல கண்ணுக்குத் தெரியாது, விம் மறைத்துவிடும். பார்க்கணும் என்றால் `:செட் கன்சீல்லெவல்=0` அடிங்க.

எங்கே தப்பும்?

இந்த உதாரணத்தைப் பாருங்க:

```
*லேப்-ரன்*
    புரோகிராமை ஓட்ட: >
        :மேக்
<   பிழை வந்தால் |லேப்-பிழை| பார்க்கவும்.
```

கடைசி வரியில் `<` இல்லை என்று வையுங்கள். அந்த வரி உள்தள்ளி இருப்பதால், விம் அதையும் கோடு என்றே நினைக்கும். லிங்கின் நிறம் போய்விடும். முதல் பத்தியிலேயே ஒட்டித் தொடங்கும் ஒரு வரி வரும்வரை எல்லாமே கோடாகத்தான் தெரியும். புதுசாகப் படிக்கிறவர் அந்தத் தமிழ் வாக்கியத்தையும் கட்டளை என்று நினைத்து டைப் செய்தாலும் ஆச்சரியமில்லை!

அடுத்தது டேக். `*லேப்-ரன்*.` என்று ஒரு புள்ளியை ஒட்டிவிட்டால் கதை முடிந்தது. டேக்குக்கு முன்னும் பின்னும் இடைவெளியோ, வரியின் தொடக்கமோ முடிவோ இருக்க வேண்டும். பெயருக்குள்ளும் இடைவெளி கூடாது. இல்லையென்றால் அது பட்டியலில் ஏறாது. கேட்டால் 'இ149' என்ற பிழைதான் வரும். விளக்கம் ஃபைலில் இருக்கும், ஆனால் யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சரிசெய்யும் முறை

• ஹெல்ப் விண்டோவில் நேரடியாகத் திருத்த முடியாது, பூட்டியிருக்கும். சொந்த பிளகினின் 'டாக்' ஃபோல்டரில் உள்ள ஃபைலை `:எடிட்` கொண்டு திறங்கள்.

• டேப் அகலம் 8, வரி நீளம் 78, டேப்பை ஸ்பேஸாக மாற்றக் கூடாது. ஃபைலின் கடைசி வரியில் இந்த அமைப்புகள் எழுதப்பட்டிருக்கும். அந்த வரியை அழிக்காதீர்கள்.

• திருத்திய பின் `:ஹெல்ப்டேக்ஸ்` கட்டளையோடு அந்த ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள். அப்போதுதான் டேக் பட்டியல் புதுப்பிக்கப்படும்.

• `:ஹெல்ப்` மூலம் திறந்து, ஒவ்வொரு லிங்கிலும் தாவிப் பாருங்கள். ஒரு டேக்கின் பெயரை மாற்றினால், அதைச் சுட்டும் எல்லா லிங்கும் உடையும் என்பது நினைவிருக்கட்டும்.

நான் முதல்முறை செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு `<` சேர்க்கப் போய், வேறொரு எடிட்டரில் சேவ் செய்தேன். அது எல்லா டேப்பையும் நாலு ஸ்பேஸாக மாற்றிவிட்டது. கிட் டிஃப்பில் பார்த்தால் ஃபைல் முழுக்கச் சிவப்பும் பச்சையும்! உண்மையான திருத்தம் எது என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: பிழை ஒரு வரி என்றால் மாற்றமும் ஒரு வரி.

தமிழில் எழுதினால்?

விம் ஹெல்ப்பைத் தமிழிலும் எழுதலாம், யூடிஎஃப்-8 போதும். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஃபைலின் முதல் வரியிலேயே தமிழ் எழுத்து இருக்க வேண்டும், அதை வைத்துத்தான் விம் என்கோடிங்கை முடிவு செய்கிறது. ஒரே மொழிக்கான ஃபைல்களில் ஒன்று இப்படியும் இன்னொன்று வேறு மாதிரியும் இருந்தால் 'இ670' பிழை வரும்.

இரண்டாவது, அகலம். 'கொ' நமக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 'க', 'ொ' என்று இரண்டு குறியீடு, மொத்தம் 6 பைட். எடிட்டர் கணக்கிடும் அகலமும் டெர்மினல் வரையும் அகலமும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. அதனால் டேக்கை வலது ஓரத்துக்குத் தள்ளி அழகுபார்க்காமல், தனி வரியில் இடது ஓரமாகவே வையுங்கள்.

பயிற்சி

இன்றைக்கே `:ஹெல்ப் ஹெல்ப்-ரைட்டிங்` படியுங்கள், சின்னப் பகுதிதான். பிறகு நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு பிளகினின் ஹெல்ப்பைத் திறந்து, மூடாத `>` அல்லது உடைந்த லிங்க் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் திருத்தி கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். என்ன தப்பு, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். விம்மின் சொந்த ஹெல்ப் ஃபைல்கள் அதன் ரெப்போவில் 'ரன்டைம்' ஃபோல்டருக்குள் 'டாக்' என்ற இடத்தில் இருக்கின்றன.

சி மொழியில் பெரிய புலியாக இருக்கணும் என்று அவசியமில்லை. கவனமாகப் படிக்கிற கண் இருந்தால் போதும். நீங்க போடுகிற அந்த ஒரு `<`, சிக்னல் இல்லாத ஊரில் விம்மைத் திறந்து வைத்திருக்கும் இன்னொரு மாணவருக்கு வழி காட்டும்.